போல்ட் முறிவது ஏன்? முறிந்தால் எடுப்பது எப்படி?

வீட்டில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இருந்தால், விடுமுறை நாளில் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கான வாய்ப்பும் கிடைத்தது.

அப்பாவின் மோட்டார் சைக்கிளில், சைலன்சர் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்திலிருந்து 'பட் பட்' என்று ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. அந்த இணைப்பில் உள்ள கேஸ்கெட் தேய்ந்து, புகை கசிகிறது என்று தெருமுனைப் பட்டறை மெக்கானிக் சொல்லியிருந்தார். புதிய கேஸ்கெட்டின் விலை மிகக் குறைவு. அதை மாற்ற இரண்டே இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். "நானே மாற்றிவிடுகிறேன், அப்பா" என்றேன். அப்பா சற்றுத் தயங்கிவிட்டுச் சரி என்றார். மறுநாள் காலை 6 மணி ஷிப்டுக்கு அவருக்கு வண்டி வேண்டும்.

முதல் போல்ட் அசையவில்லை. இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. நெம்புகோலின் நீளம் கூடினால் விசை மிச்சமாகும் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. கொல்லையில் கிடந்த அரை மீட்டர் நீளமுள்ள தண்ணீர்க் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகி அழுத்தினேன். போல்ட் மெல்லத் திரும்பியது. 'அசைந்துவிட்டது!' என்று மகிழ்ந்த அதே நொடியில் 'டக்' என்று ஓர் ஒலி! போல்ட்டின் தலை மட்டும் தரையில் உருண்டது. உடல் இஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

நான் செய்த தவறு என்ன? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஒரு போல்ட் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

போல்ட் ஒரு வில்

போல்ட் என்பது இரண்டு பொருள்களை ஊசியால் குத்தி வைப்பதுபோல் கோத்து வைக்கும் ஒரு கம்பி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. இறுக்கப்பட்ட போல்ட் உண்மையில் இழுத்துப் பிடிக்கப்பட்ட ஒரு வில். இறுக்கும்போது அது சற்று நீளுகிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியே இரண்டு பொருள்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. ரப்பர் வளையத்தை இழுத்து ஒரு காகிதக் கட்டின் மேல் மாட்டுகிறோம் அல்லவா? அதே கதைதான்.

எவ்வளவு நீளுகிறது? என் கையில் முறிந்தது M6 வகைப் போல்ட். அதாவது அதன் விட்டம் 6 மி.மீ.; மரைகளின் இடைவெளி 1 மி.மீ. இத்தகைய போல்ட்டை இறுக்க வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவு திருப்புத்திறன் போதும். அப்போது போல்ட்டின் உடலில் ஏறத்தாழ 8,300 நியூட்டன் இழுவிசை ஏற்படுகிறது. இது 850 கிலோகிராம் எடைக்குச் சமம். உங்கள் சுண்டுவிரலைவிட மெல்லிய அந்தத் தண்டில், ஆளுக்கு 60 கிலோ எடையுள்ள பதினான்கு பேர் தொங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்! அவ்வளவு விசையிலும் 25 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டு நீளுவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன்.

விசை இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காகும். விசையை எடுத்துவிட்டால் பழைய நீளம் திரும்பிவிடும். இது நீங்கள் படித்த ஹூக்கின் விதி. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. மீட்சி எல்லையைத் தாண்டினால் எஃகு களிமண்ணைப்போல் இளகி நீளத் தொடங்கும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. முறியும் முன் என் போல்ட் 'மெல்லத் திரும்பியது' என்றேனே, நினைவிருக்கிறதா? மரை கழன்றதால் அது திரும்பவில்லை. எஃகு மீட்சி எல்லையைத் தாண்டி முறுக்கிக்கொண்டதையே நான் வெற்றி என்று எண்ணிவிட்டேன்.

கையின் விசை எங்கே போகிறது?

ஒரு சாய்தளத்தை உருளையின் மேல் சுற்றினால் கிடைப்பதே மரை. 12.5 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது, கை ஏறத்தாழ 785 மி.மீ. தூரம் பயணம் செய்கிறது. போல்ட்டோ 1 மி.மீ.தான் முன்னேறுகிறது. ஆகவே, உராய்வு என்பதே இல்லாவிட்டால் கை கொடுக்கும் விசை 785 மடங்காகப் பெருகவேண்டும். கை கொடுத்தது 80 நியூட்டன். அதாவது 8 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை. போல்ட்டில் 62,800 நியூட்டன் ஏற்பட்டிருக்க வேண்டும். ஆனால் கிடைத்தது 8,300 நியூட்டன் மட்டுமே. நூறில் பதின்மூன்று பங்கு!

மீதி எங்கே போயிற்று? உராய்வு விழுங்கிவிட்டது. நம் உழைப்பில் ஏறத்தாழப் பாதி போல்ட் தலையின் அடியில் ஏற்படும் உராய்விலும், எஞ்சியதில் பெரும்பகுதி மரைகளுக்கிடையே ஏற்படும் உராய்விலும் செலவாகிறது. இது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த உராய்வு இல்லாவிட்டால், ஸ்பேனரிலிருந்து கையை எடுத்தவுடன் போல்ட் தானாகவே சுழன்று கழன்றுவிடும்.

இப்போது குழாயின் கணக்கைப் பார்ப்போம். அரை மீட்டர் நீளத்தில் அதே 80 நியூட்டன் விசையைக் கொடுத்தால் திருப்புத்திறன் 40 நியூட்டன் மீட்டர் ஆகிறது. M6 போல்ட்டோ பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை எட்டும் முன்பே முறிந்துவிடும். ஸ்பேனர்களின் நீளம் ஏன் அளவுக்கு அளவு வேறுபடுகிறது என்பது இப்போது விளங்குகிறதா? சிறிய போல்ட்டுக்குச் சிறிய ஸ்பேனர் என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. குழாயைச் செருகிய நான் அந்தப் பாதுகாப்பை என் கையாலேயே நீக்கிவிட்டேன்.

கெட்டியாகப் பிடித்தது எது?

10 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய போல்ட், சாதாரணமாக அதைவிடக் குறைந்த திருப்புத்திறனிலேயே கழன்றுவிட வேண்டும். ஏனெனில் கழற்றும்போது போல்ட்டின் இழுவிசையே சாய்தளத்தில் கீழ்நோக்கித் தள்ளி நமக்கு உதவுகிறது. பிறகு ஏன் அது அசைய மறுத்தது?

முதல் காரணம் துரு. முன்சக்கரம் வாரியடிக்கும் மழைநீர் நேராக அந்தப் போல்ட்டுகளின் மேல்தான் விழுகிறது. இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து துருவாகும்போது, அது பிடிக்கும் இடம் பழைய இரும்பைப்போல் இருமடங்குக்கும் மேலாகிறது. மரைகளுக்கிடையே இருந்த மெல்லிய இடைவெளியில் இந்தத் துரு ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் அலுமினியம். இஞ்சினின் தலைப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது, போல்ட் எஃகு. இரண்டு வேறு உலோகங்களுக்கிடையே உப்புக் கலந்த ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிறது. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகி மரைகளை அடைத்துக்கொள்கிறது. கடற்கரை ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

மூன்றாவது காரணம் சூடு. இஞ்சின் ஓடும்போது அந்த இடம் கடுமையாகச் சூடேறுகிறது; நிறுத்தியதும் குளிர்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான முறை நடந்தால், மரைகளில் இருந்த எண்ணெய்ப்பசை எரிந்து கரியாகிவிடும்.

முறிந்த முகத்தைப் படியுங்கள்

அன்று பட்டறைக்கு ஓடினேன். மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். வண்டியைப் பார்க்கும் முன், "தலை எங்கே தம்பி?" என்றுதான் கேட்டார். தரையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முறுக்கி ஒடிச்சிருக்க" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. குழாயைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை!

முறிந்த முகம், முறிந்த கதையைச் சொல்லும். புதிதாக முறிந்த முகம் சாம்பல் நிறமாக, குறுக்காக வெட்டியதுபோல் தட்டையாக, சுழல் கோடுகளோடு இருந்தால் அது அளவுக்கு மீறிய முறுக்கினால் ஏற்பட்டது.

முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, கிளிஞ்சலின் மேல் உள்ளதுபோன்ற வளைகோடுகளோடும், மறுபகுதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது உலோகக் களைப்பு. சிறிய விசையே மீண்டும் மீண்டும் வந்து தாக்கும்போது, ஒரு நுண்ணிய வெடிப்பு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. எஞ்சிய உலோகத்தால் சுமை தாங்க முடியாத நாளில் திடீரென்று முறிகிறது. 1842-ல் பிரான்சில் வெர்சேல்ஸ் அருகே ஒரு ரயில் இஞ்சினின் அச்சு இப்படி முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சோதித்து, உலோகக் களைப்பை முறையாக ஆராய்ந்தார்.

களைப்பால் முறியும் போல்ட்டுகளில் பல, இறுக்கம் போதாதவை என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நன்றாக இறுக்கிய போல்ட்டில், அதிர்வின் பெரும்பகுதியை ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் பாகங்களே தாங்கிக்கொள்கின்றன. தளர்ந்த போல்ட்டோ ஒவ்வோர் அதிர்வையும் தானே வாங்கிக்கொள்கிறது.

முறிவு பெரும்பாலும் தலையின் கழுத்திலோ, இறுகப் பிடித்திருக்கும் முதல் மரையிலோதான் ஏற்படும். எல்லா மரைகளும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. முதல் மரை மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது.

சரி, காரணம் தெரிந்து என்ன பயன்? பயன் உண்டு. முறிந்த துண்டை எப்படி எடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இறுக்கும்போது தலை முறிந்திருந்தால், போல்ட்டை இழுத்துப் பிடித்திருந்த விசை அந்த நொடியே போய்விடுகிறது. உள்ளே இருக்கும் துண்டு சும்மாதான் நிற்கும். சில வேளைகளில் விரலாலேயே திருகி எடுத்துவிடலாம்! களைப்பால் முறிந்ததும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் கழற்றும்போது முறிந்தது என்றால், பிடித்துக்கொண்டிருப்பது துரு. தலை போனாலும் துருவின் பிடி போகாது. அதோடு விசையால் போராடக்கூடாது. பிடியை இளக்க வேண்டும்.

எடுப்பது எப்படி?

"இதோட நிறுத்துனியே, அதுவே பெரிய காரியம்" என்றார் மெக்கானிக் அண்ணன். முறிந்தவுடன் சுத்தியலையும் உளியையும் எடுப்பவர்கள்தான் அதிகமாம்.

அவர் முதலில் செய்தது, இரண்டு போல்ட்டுகளின் மேலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்ததுதான். "நாளைக்குச் சாயங்காலம் பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டார். எனக்குப் பகீரென்றது. மறுநாள் விடியற்காலை அப்பா பேருந்தில் போனார். பேருந்து தாமதமானதால் அவருக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த ஓர் இரவு எதற்காக? மண்ணெண்ணெயில் திரி நனைவதுபோல, மெல்லிய எண்ணெய் நுண்புழைக் கவர்ச்சியால் மரைகளின் இடுக்குகளில் தானே ஏறிச் செல்கிறது. ஆனால் துரு அடைத்த வழியில் அது ஊர்ந்துதான் செல்லும். அதற்கு நேரம் வேண்டும். இடையிடையே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் துருவில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

மறுநாள் மாலை, பள்ளி விட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முறியாமல் இருந்த இரண்டாவது போல்ட்டைக் காட்டி, ரிங் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "நீயே கழற்று" என்றார்.

கை நடுங்கியது. அதுவும் முறிந்தால்?

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். எண்ணெயை நன்றாகத் துடைத்தேன். எரியும் எண்ணெய் இருக்கும் இடத்தில் சூடு காட்டக்கூடாது. பெட்ரோல் தொட்டியை முன்பே கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டோம். அவர் ஊதுவிளக்கால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சிறிது நேரம் சூடாக்கினார். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடைகிறது. 150 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால், 6 மி.மீ. துளை, அதிலுள்ள போல்ட்டைவிட ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விரிவடையும். மிகச் சிறிய இடைவெளிதான். ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும்.

"முதல்ல இறுக்கு" என்றார். தவறாகச் சொல்லுகிறாரோ என்று பார்த்தேன். "கொஞ்சமா இறுக்கு, அப்புறம் தளர்த்து" என்றார். இருபுறமும் மாற்றி மாற்றி அசைத்தால் துரு அரைபட்டுப் பொடியாகும். ஒரே திசையில் தள்ளினால் பொடி முன்னே குவிந்து மேலும் இறுகும். கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்பினேன். 'கிரீச்' என்று ஒலி வந்தது. அந்த ஒலியே நல்ல சகுனம்; மரை அசைகிறது என்று பொருள். ஓசையில்லாமல் மெத்தென்று திரும்பினால்தான் பயப்பட வேண்டும். பத்து நிமிடத்தில் இரண்டாவது போல்ட் முழுதாக வெளியே வந்தது.

சைலன்சர் குழாயை இழுத்ததும் முறிந்த போல்ட்டின் உடல் 8 மி.மீ. உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இதுவரை குழாயின் பிணைப்புத் தகடு அதை மறைத்திருந்தது. இப்படித் துண்டு வெளியே நீட்டியிருந்தால் பல வழிகள் உண்டு. பூட்டிக்கொள்ளும் கிரிப் பிளையரால் கவ்வித் திருப்பலாம். அரத்தால் இருபுறமும் தட்டையாக அராவி ஸ்பேனர் மாட்டலாம். ரம்பத்தால் உச்சியில் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்புளியால் திருகலாம். எல்லாவற்றிலும் நல்ல வழி ஒன்று உண்டு. துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் செய்துவிடுவது. இதனால் இரண்டு நன்மைகள். புதிய தலை கிடைக்கிறது. வெல்டிங்கின் கடும் சூடு போல்ட்டின் வழியே உள்ளே சென்று துருவை உலுக்குகிறது.

அவர் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு நட்டை வெல்டிங் செய்தார். சிவப்பு மறையும் வரை காத்திருந்தார். பிறகு முன்னும் பின்னுமாக நாலைந்து அசைவுகள். முறிந்த துண்டு நட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

மட்டத்தோடு முறிந்தால்?

துண்டு வெளியே நீட்டாமல், மட்டத்தோடோ உள்ளேயோ முறிந்திருந்தால் வேலை கடினம். பிடி தளர்ந்திருந்தால், கூர்மையான பஞ்சை விளிம்பில் வைத்து இடஞ்சுழியாகத் தட்டித் திருப்பிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் துண்டின் நடுவில் துளையிட வேண்டும். 'நடுவில்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம் எஃகைவிட மென்மையானது. துளையிடும் அலகு சற்று விலகினாலும், கடினமான எஃகை விட்டுவிட்டு அலுமினியத்துக்குள் ஓடிவிடும், மரைகள் பாழாகும். அதனால்தான் முதலில் அரத்தால் முகத்தைச் சமப்படுத்தி, சென்டர் பஞ்சால் குறியிட்டு, மெல்லிய அலகில் தொடங்க வேண்டும். இடஞ்சுழியாக வெட்டும் அலகுகளும் உண்டு. அவற்றால் துளையிடும்போதே சில வேளைகளில் துண்டு சூடேறித் தானே சுழன்று வெளியே வந்துவிடும்.

கடைகளில் 'ஈஸி அவுட்' என்ற கருவி கிடைக்கிறது. இது எதிர்த்திசை மரை வெட்டிய, கூம்பு வடிவ எஃகுத் தண்டு. துளையில் வைத்து இடஞ்சுழியாகத் திருப்பினால், துண்டைக் கவ்விக்கொண்டு வெளியே இழுக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 6 மி.மீ. போல்ட்டின் முழு உடலே தாங்காத முறுக்கை, அதன் நடுத்துளையில் நுழையும் இந்த மெல்லிய கருவி எப்படித் தாங்கும்? மேலும், கூம்பு உள்ளே இறங்க இறங்கத் துண்டை வெளிப்புறமாக விரித்து இன்னும் இறுக்குகிறது. கருவி உள்ளே முறிந்துவிட்டாலோ, அதன் எஃகு மிகக் கடினமானது. சாதாரண அலகு அதில் ஏறாது. துரு கெட்டியாகப் பிடித்த சிறிய போல்ட்டில் இதைப் பயன்படுத்தக்கூடாது.

அப்படி முறிந்த கடினக் கருவியையும் எடுக்க ஒரு வழி உண்டு: மின்பொறி அரிப்பு முறை. திரவத்துக்குள் ஒரு மின்முனையை அருகே கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான மின்பொறிகளால் உலோகத்தைத் துளித்துளியாக அரித்துவிடுகிறார்கள். இம்முறை 1940-களில் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதியராலும், அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்டது. வார்ப்புகளுக்குள் முறிந்து சிக்கிக்கொண்ட கருவிகளை எடுப்பது அதன் தொடக்ககால வேலைகளுள் ஒன்று. ஆனால் இது வீட்டுக் கொல்லையில் நடக்கும் காரியமல்ல.

எதற்கும் அசையாத துண்டை முழுவதும் துளையிட்டு நீக்கிவிடுவதே கடைசி வழி. M6 அளவுக்கு 5 மி.மீ. அலகு, பிறகு டேப்பு விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். மரை கெட்டுவிட்டால், துளையைப் பெரிதாக்கிப் பெரிய மரை வெட்டி, சுருள் கம்பியாலான புதிய மரையைச் செருகுவார்கள். அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதியாகவே அமையும். இது அனுபவமுள்ள லேத்துப் பட்டறைக்காரரின் வேலை.

தலையில் எழுதிய எண்

புதிய போல்ட் வாங்கக் கடைக்குப் போனபோது, கிடைத்த போல்ட்டை வாங்கிவர நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் தடுத்தார். முறிந்த தலையைப் பார்க்கச் சொன்னார். அதில் 8.8 என்று பொறித்திருந்தது.

இது ஓர் எளிய கணக்கு. முதல் எண்ணை 100-ஆல் பெருக்குங்கள்: 800. ஒரு சதுர மி.மீ. குறுக்குவெட்டுக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும் என்று பொருள். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை, அதாவது 640 நியூட்டன் வரை, நிலையாக நீளாமல் மீண்டுவரும் என்பதைச் சொல்கிறது. M6 போல்ட்டின் மரைப்பகுதியில் பயன்படும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மி.மீ. எனவே அது 12,800 நியூட்டன் வரை மீண்டுவரும். நாம் கொடுக்கும் 8,300 நியூட்டன் இந்த எல்லைக்குள் பத்திரமாக இருக்கிறது.

இதற்குப் பதிலாக 4.6 என்று எழுதிய போல்ட்டைப் போட்டால்? மீட்சி எல்லை 4,800 நியூட்டன்; அறும் எல்லை 8,000 நியூட்டன். சரியான அளவில் இறுக்கினாலே அது நீண்டு முறியும் நிலைக்கு வந்துவிடும்! பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். வேறுபாடு அந்த எண்ணில் மட்டுமே.

புதிய போல்ட்டின் மரையில் சூட்டைத் தாங்கும் செப்புப் பசையைச் சிறிது தடவினோம். அடுத்த முறை துரு பிடிக்காது. ஆனால் பசையோ எண்ணெயோ தடவினால் உராய்வு குறையும். அதே திருப்புத்திறனில் போல்ட்டின் இழுவிசை மூன்றில் ஒரு பங்குகூட அதிகமாகிவிடலாம். ஆகவே சற்றுக் குறைவாகவே இறுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. செங்கோண முக்கோண வடிவில் ஒரு காகிதத்தை வெட்டிப் பென்சிலின் மேல் சுற்றுங்கள். சாய்ந்த விளிம்பு மரையாக மாறுவதைக் காணலாம்.

2. ஒரு சாக்குக்கட்டியை இருமுனைகளிலும் பிடித்து முறுக்குங்கள். அது 45 பாகைச் சாய்வில் திருகலாக முறியும். அதே அளவு களிமண் உருளையை முறுக்கினால் குறுக்காக அறும். சாக்குக்கட்டி நொறுங்கும் பொருள், இழுவிசையால் முறிகிறது. களிமண் நெகிழும் பொருள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரிகிறது. என் போல்ட் எவ்வகை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

3. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளையுங்கள். எத்தனையாவது வளைவில் முறிகிறது என்று எண்ணுங்கள். வளைக்கும் அளவைப் பாதியாகக் குறைத்தால் எண்ணிக்கை எப்படி மாறுகிறது?

எச்சரிக்கை

பிரேக், ஸ்டியரிங், சக்கரம் ஆகியவற்றின் போல்ட்டுகளை நீங்களாகத் தொடாதீர்கள். அங்கே ஒரு போல்ட் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். துளையிடும்போதும் தட்டும்போதும் கண்ணாடி அணியுங்கள். சூடு காட்டுவதும் வெல்டிங்கும் பெரியவர்களின் வேலை; பக்கத்தில் பெட்ரோல் இருக்கக்கூடாது.

அன்றிரவு அப்பா வண்டியை உதைத்துக் கிளப்பினார். 'பட் பட்' ஒலி இல்லை. சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த தடவை ஆயில் மாத்தணும். நீயே மாத்திடு" என்றார்.

அந்த 8.8 தலை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் வீட்டு வண்டியில் எத்தனை போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன? ஒவ்வொன்றின் தலையிலும் என்ன எண் எழுதியிருக்கிறது? ஸ்பேனரை எடுக்கும் முன் அதை எழுதிக்கொண்டு, அது எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.